வெந்நியின் பதம்

தூத்துக்குடியில் வெந்நீர்க் குளியல் என்றால் வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். சித்திரை மாதப் பிற்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீரே கையைச் சுடும் ஊர் இது. ஆயினும் மார்கழி விடியலில் முதியவர்களின் மூட்டுகள் வேறு கணக்குச் சொல்லும். அப்பாவுக்காகவே, தேக்கிவைக்காமல் ஓடும் நீரை அப்போதைக்கப்போது சூடாக்கும் கீசர் ஒன்றைக் கைஷவரோடு பொருத்தினோம். ஒரு திருகு, ஒரு சுவிட்ச். இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணியிருந்தோம்.

அப்பா இளமையில் சங்கு குளித்தவர். 1955 முதல் 1961 வரை இக்கரையில் நடந்த கடைசி முத்துக்குளிப்புகளைச் சிறுவனாக நின்று பார்த்தவர். கடலில் இறங்க இறங்க உடம்பில் ஏறும் குளிரைக் கொண்டே ஆழத்தைச் சொல்லிவிடலாம் என்பார். அப்படிப்பட்டவர் ஒரு காலையில் முக்காலியில் அமர்ந்து கால்களுக்கு ஷவரைப் பிடித்துவிட்டு வெளியே வந்தபோது இரு பாதங்களும் செக்கச் சிவந்திருந்தன; புறங்காலில் கொப்புளங்கள். "வெந்நி இதமாத்தாம்ல இருந்துச்சு" என்றார். நீரிழிவு அவருடைய கால் நரம்புகளைத் தின்றிருந்தது மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

முந்தைய வாரம் வரை அதே கீசர், அதே சுவிட்ச். நீர் மட்டும் ஏன் கொதித்தது? ஷவரின் முகத்தைக் கழற்றிப் பார்த்தோம். பாதித் துளைகள் வெள்ளைப் பொறுக்கால் அடைபட்டிருந்தன. எங்கள் வீட்டுக் குளியலுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கட்டுப்படியாகாது, போர்த் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படிகிறது.

கணக்கு எளியது. 3 கிலோவாட் கீசர் நிமிடத்துக்கு 4 லிட்டர் நீரை ஏறத்தாழ 11 டிகிரி சூடாக்கும். 28 டிகிரியில் வரும் நீர் 39-இல் இறங்கும். துளைகள் அடைத்து ஓட்டம் 2 லிட்டராகக் குறைந்தால் அதே மின்சாரம் அதனை 50 டிகிரிக்கு ஏற்றிவிடும். அந்தச் சூட்டில் சில நிமிடங்கள் இருந்தாலே தோல் வெந்துபோகும். உள்ளிருக்கும் பாதுகாப்பு விசை, கருவி எரிந்துபோகாமல் காப்பதற்கானது. அப்பாவின் பாதங்களை அது அறியாது. இவ்வகைக் கீசரில் சூட்டைத் தீர்மானிப்பது சுவிட்ச் அன்று, திருகே என்பதை இவ்வளவு விலை கொடுத்துக் கற்றோம்.

படிந்திருந்த பொறுக்கைச் சுரண்டியபோது ஒன்று நினைவுக்கு வந்தது. முத்தும் பெரும்பகுதி இதே கால்சியம் கார்பனேட்தான். இக்கடலின் சிப்பி ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ப்பதை, 1973-இல் வேப்பலோடையில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முறையில் உருவாக்கிக் காட்டியதை, எங்கள் குளியலறை அழகில்லாமல் செய்துகொண்டிருந்தது. கிளியோபாத்ரா ஒரு முத்தைக் காடியில் கரைத்துக் குடித்ததாக ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். நாங்களும் ஷவர் முகத்தைக் காடியில் ஓர் இரவு ஊறப்போட்டோம். காலையில் துளைகள் திறந்திருந்தன.

இப்போது மாதம் ஒருமுறை அது காடியில் ஊறுகிறது. திருகில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இட்டிருக்கிறோம். அதுவரை திறந்த பின்பே சுவிட்ச். எனினும் தொட்டியில் நீர் குறைந்தாலும் ஓட்டம் தளரும் என்பதால், கோட்டை மட்டும் நம்புவதில்லை. குழந்தைக்குப் பார்ப்பதுபோல் எங்களில் ஒருவர் முழங்கையில் நீரைவிட்டுப் பதம் பார்த்த பிறகே அப்பாவின் கையில் ஷவர் போகும்.

இதைச் சொல்லத்தான் அஞ்சினோம். தன் குளியலுக்குப் பிறர் காவல் நிற்பதை அவர் ஏற்பாரா? முதல் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் துண்டோடு குளியலறை வாசலில் நின்று குரல் கொடுத்தார்: "கயிறு பிடிக்கிறவன் வந்தாச்சால?"

குளியாளி அடியில் இருக்கும்வரை தோணியில் ஒருவன் கயிற்றைக் கையில் வைத்துக் காத்திருப்பான். அவன் வராமல் அப்பா ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை. நாங்கள் முழங்கையை நீட்டினோம்.