ஆரியசாலையில் ஒரு ராத்தங்கல்

எங்கள் தக்கலைப் பக்கத்து வியாபாரிகளுக்குத் திருவனந்தபுரத்தில் ராத்தங்கல் என்றால் அது ஆரியசாலைதான். தம்பானூர் ரயிலடியில் பெரிய லாட்ஜுகள் இருந்தன. அங்கே மூட்டையோடு போய் நின்றால் மேலும் கீழும் பார்ப்பான் என்பார் அப்பா. கோட்டைக்குள்ளே மடங்கள் உண்டு. அவை வேறு ஆட்களுக்கு. கிழக்கே கோட்டையில் தொடங்குகிற சாலைக் கம்போளம் கிள்ளிப்பாலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கொப்பரையும் கருப்பட்டியும் நல்லமிளகும் ஒன்றாக மணக்கும் இடத்தில், கீழே மண்டியும் மேலே அறைகளுமாக ஒரு கட்டடம். அங்கேதான் எங்கள் கட்டில்.

பேரேட்டில் பெயர், ஊர், வந்த காரியம் மூன்றும் எழுத வேண்டும். “அண்ணாச்சி, பழைய ரூமே தரட்டா?” என்று கேட்டபடி மேனேஜர் பேனாவை நீட்டுவார். வந்த காரியம் என்ற இடத்தில் அப்பா ‘சரக்கு’ என்று எழுதுவார். புரட்டாசியில் மட்டும் ‘சாமி’.

சாமி என்றால் பத்மநாபன் அல்ல, எங்கள் ஊர் முருகன். திருவிதாங்கூர் ராஜாவான தர்மராஜா காலத்தில், 1795 வாக்கில், தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. ராஜா போனாலும் நவராத்திரிக்கு உரிய தெய்வங்கள் இங்கேயே இருந்துவிட்டன. அதனால் ஆண்டுதோறும் அவை புறப்பட்டுப் போகின்றன. தேவாரக்கட்டுச் சரஸ்வதி யானை மேல். வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறை, மறுநாள் நெய்யாற்றின்கரை, அதற்கு அடுத்த நாள் நகரம். கரமனையில் முருகன் வெள்ளிக் குதிரை ஏறுவார். சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டை, முருகனுக்கு ஆரியசாலை அம்மன் கோயில். ராஜா வீட்டு விருந்தாளியாகப் போனவருக்கும் எங்கள் கம்போளத்துப் பக்கத்தில்தான் இடம் ஒதுக்கினார்கள் என்பதில் அப்பாவுக்கு ஒரு பெருமை. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அன்றிலிருந்து சாமி களியக்காவிளையில் மாநில எல்லை தாண்டுகிறார். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் தமிழ்நாட்டு மண்ணில் கேரளத்தின் பொறுப்பில் நிற்கிறது. இந்தக் குழப்பமெல்லாம் காகிதத்தில்தான். லாட்ஜ் பேரேட்டில் அப்பா ஒருபோதும் மாநிலம் எழுதியதில்லை.

அந்த அறையில் தூங்கினோம் என்று சொன்னால் பொய். செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் லாரிகள் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் சரக்கு இறக்கும். சுமட்டுக்காரர்களின் அதட்டல், பலகை சரியும் சத்தம், தமிழும் மலையாளமும் கலந்த வசவு. எந்த மொழியில் யார் திட்டினார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கண் அசரும்போது அப்பா உலுக்குவார். “மக்கா, எந்திரி. நிர்மால்யம் தொழணும்.”

மூன்று மணி இருட்டில் கம்போளம் முழுக்க நடை. கடைப் பலகைகள் சாத்தியிருக்கும், மணம் மட்டும் சாத்தாது. பத்மதீர்த்தக் கரையில் மேத்தன் மணிக் கடிகாரத்துக்கு முன்னால் என்னை நிறுத்துவார். மணி அடிக்கும்போது இரண்டு பக்கத்து ஆட்டுக்கடாக்களும் தாடிக்காரரின் கன்னத்தில் முட்டும். அதைப் பார்க்காமல் நான் நகரமாட்டேன். பிறகு சட்டையைக் கழற்றி இடுப்பில் முண்டைச் சுற்றிக்கொண்டு பத்மநாபசாமி கோயிலுக்கு உள்ளே. ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறினால் மூன்று வாசல்: ஒன்றில் திருமுகம், ஒன்றில் நாபித்தாமரை, ஒன்றில் பாதம். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கடுசர்க்கரைத் திருமேனி கருங்கடலாகக் கிடக்கும். முழுசாக ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாதது எனக்குக் குறையாக இருந்தது. அப்பாவுக்கு இல்லை. திரும்பி வரும்போது புட்டும் கடலையும், அதற்கு மேல் ஒரு ரசவடை. உண்மையைச் சொன்னால் நான் திருவனந்தபுரம் போனதே அதற்காகத்தான்.

நவராத்திரி மண்டபத்தில் சாயங்காலக் கச்சேரி. மேல் சட்டை கூடாது, கை தட்டக் கூடாது. கூரையில் கவிழ்த்துத் தொங்கும் மண்பானைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். சுவாதித் திருநாள் கீர்த்தனங்களில் அப்போது எனக்கு ஒன்றும் பிடிபடாது. அந்த மண்டபத்தில் ஒரு பெண் பாட 2006 வரை, பாறசாலை பொன்னம்மாள் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. சரஸ்வதியை உட்காரவைத்த இடத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு! சாமி போகிற அதே வழியில் இருக்கிற ஊர்தான் பாறசாலை.

1979இல் நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது. காலையில் போய் ராத்திரி வீடு திரும்பலாம் என்றானது. அதற்குப் பிறகு மொத்த வியாபாரிகளே வண்டியில் சரக்கைத் தக்கலைக்கு அனுப்பினார்கள். போன் போட்டால் போதும். எங்கள் கடை கொழித்தது, ராத்தங்கல் நின்றது. லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் சாமான் கடை. சாலைத் தெருவிலேயே கடை நடத்தி, அந்தத் தெருவையே எழுதிய ஆ. மாதவனும் 2021இல் போய்விட்டார். அவர் கதைகளைப் படிக்கும்போது அந்த வசவுகளின் ஒலி எனக்குத் திரும்பக் கேட்கும். மணத்தை யாராலும் எழுத முடியாது போலிருக்கிறது.

விஜயதசமி அன்று முருகன் பூஜைப்புரைக்குப் போய் வருவார். மறுநாள் உடனே கிளம்புவதில்லை, அன்று நல்லிருப்பு. சும்மா இருந்து இளைப்பாறுவதற்கு என்றே ஒரு நாள். ராத்தங்கல் இருந்த நாட்களில் அப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டார். கொள்முதல் முடிந்து, மூட்டை கட்டி, ஊருக்குக் கடைசி பஸ் நிற்கிறது என்று தெரிந்தும், “இன்னைக்கு நமக்கு நல்லிருப்பு” என்று மேனேஜரிடம் இன்னொரு ராத்திரிக்குக் காசு எண்ணிக் கொடுப்பார்.