வெளிமானும் வெயிலும்

கோடியக்கரைப் புல்வெளியில் வெளிமானைப் படமெடுக்க முயன்றோர் ஒரு தொல்லையை நன்கறிவர். வளர்ந்த ஆண்மானின் முதுகு கறுப்பு. வயிறோ தூய வெண்மை. உச்சி வெயிலில் வெண்மைக்கேற்ப ஒளியளவை அமைத்தால் முதுகு மைக்கறையாகிவிடும்; கறுப்புக்கேற்ப அமைத்தால் வயிறு வெளிறிப்போகும். பழுப்புநிறப் பெண்மானின் கதை வேறு. அது தட்டையாகவே பதியும். மேலே அடர்நிறமும் கீழே வெண்மையும் அமைந்திருப்பது, மேலிருந்து விழும் ஒளி உண்டாக்கும் நிழலை ஈடுசெய்து உடலின் திரட்சியை மறைக்கிறது என்று அமெரிக்க ஓவியர் அபட் தாயர் 1896இல் எழுதினார். மானுக்கு அது காப்பு; நமக்கோ தடை.

நிழலை அளந்து அஸர் நேரம் கண்ட சமுதாயத்தினர் நாம். இதற்கு விடை காண்பது நமக்கு அரிதன்று. நிழல் பொருளின் உயரத்தை எட்டுகையில் கதிரவன் 45 பாகையில் நிற்கிறான். அதன்பின் சாயுந்தோறும் ஒளி பக்கவாட்டில் வந்து, விலாவின் வளைவையும் முறுக்குக் கொம்பின் வளையங்களையும் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டும். தமிழில் இதனை நிழற்படம் என்றழைத்தவர் யாரோ, அவர் வாழ்க!

ஆயின் அந்நேரம்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டுமே. புதர்நிழலில் படுத்திருந்த மானை வெயிலுக்கு வரவழைக்கக் கைதட்டியோரை நாம் கண்டதுண்டு. மான் எழுந்து ஓடிற்று; அவர்களுக்குப் படமும் கிடைத்திருக்கலாம். நண்பகல் வெப்பத்தில் ஓய்ந்திருந்த உயிரை ஓடவைத்துப் பெறும் ஒளி நமக்கு வேண்டாம். நாம் எடுத்தவற்றுள் நமக்கு மிகப் பிடித்ததில் மான் பாதிகூட இல்லை. புதரின் இருளினுள் ஒரு கொம்பும், கண்ணைச் சூழ்ந்த வெள்ளை வளையமும் மட்டுமே தெரிகின்றன.