பாட்டியும் பாலாறும்

கோடை விடுமுறை நெருங்கியதும் எங்கள் வீட்டில் மாநாடே கூடியது! அக்கா உதகை என்றாள். தம்பி ஏலகிரி என்றான். பாட்டியோ, “நான் சின்னப் பெண்ணாய்க் குளித்த பாலாறு கடலில் சேருமிடத்தைப் பார்த்தால் போதும்” என்றார். நாங்கள் வாயடைத்துப் போனோம்.

ஆம்பூரில் பிறந்த நாங்கள், 2021ஆம் ஆண்டு வெள்ளம் நீங்கலாக, பாலாற்றைப் பெரும்பாலும் மணலாகவே கண்டிருக்கிறோம். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் ஆறு கெட்டதென்று 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அத்தொழிலில்தான் அப்பாவுக்குச் சம்பளம், எங்களுக்குச் சோறு.

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு 348 கி.மீ. ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலை அடைகிறது. முதுகுவலியுள்ள பாட்டியால் பேருந்தில் நெடுநேரம் உட்கார இயலாது. ஆகவே வாடகை வேன் பேசினோம். பின்னிருக்கையில் மெத்தை விரிக்க ஓட்டுநர் அண்ணன் சம்மதித்தார். வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என வழி குறித்தோம். அடுப்பு, அரிசி, புளிக்குழம்பு, குடிநீர் என்று அம்மா பட்டியலிட்டார்.

அப்பா மட்டும் மௌனமாயிருந்தார். கடைசியில், “அம்மா, நானும் அதைப் பார்க்கத்தான் வேண்டும்” என்றார்.

பாட்டி இப்போதே ஒரு புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார், ஆற்றுநீர் கொண்டுவர! அது நிரம்ப வேண்டுமே என்பதுதான் எங்கள் எல்லோருடைய கவலையும்.