எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளை

ஒரு பிள்ளை கணக்கில் வல்லவனா என்று அறிவதற்குப் பரீட்சை உண்டு. ஆட்டத்தில் அவன் எவ்வளவு தூரம் செல்வான் என்று அறிவதற்கு அத்தகைய பரீட்சை எதுவும் இல்லை. ஆயினும் பெற்றோர் அக்கேள்வியைக் கேட்காதிருப்பதில்லை. "அண்ணை, இவன் படிப்பை விட்டிட்டுக் கிரிக்கெட்டுக்கெண்டு கொழும்புக்குப் போகப்போறானாம். முன்னுக்கு வருவானோ?" என்று என் தங்கை என்னிடம் கேட்டாள். என் மருமகனுக்கு வயது 17.

அவன் இரணைமடுவின் கீழுள்ள வயல்களில் ஆடி வளர்ந்தவன். காலபோக அறுவடைக்குப் பின் இறுகிக் கிடக்கும் வயலே எங்கள் பிள்ளைகளின் மைதானம். களத்தடுப்பில் அவன் நிற்குமிடம் எல்லைக்கோடு. பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போதே அது விழும் இடத்தை அறிந்து ஓடத் தொடங்கிவிடுவான். இது எளிதில் கற்பிக்க முடியாத திறமை. சென்ற ஆண்டு அவன் எறியும் பந்து இருமுறை நிலத்திற் பட்டே விக்கெட் காப்பாளரிடம் சேர்ந்தது. இவ்வாண்டு ஒருமுறைதான் படுகிறது. வளர்ச்சி என்பதை இப்படித்தான் அளக்க வேண்டும்.

குறையும் உண்டு. பந்து எழுமோ, தாழுமோ என்று நம்ப முடியாத தரையில் பழகியவன் காலை முன்வைத்து ஆட அஞ்சுகிறான். நின்ற இடத்திலேயே மட்டையைக் குறுக்கே வீசுகிறான். நல்ல சுழற்பந்து வீச்சாளரிடம் இது செல்லாது. களத்தடுப்பை மட்டும் நம்பி எவரும் பெரிய அணியில் இடம்பெறுவதில்லை.

வடபுலத்துப் பிள்ளைக்கு வழியே இல்லையா எனின், உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆடி வளர்ந்த விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில், தம் 19ஆவது பிறந்தநாளுக்கு முந்திய தினத்தில், லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகக் களமிறங்கினார். 2023 அக்டோபரில் ஹாங்சூ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024 மே 8ஆம் திகதி ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்காக முதன்முறை பந்துவீசி, 4 ஓவர்களில் 27 ஓட்டங்களே கொடுத்தார். விக்கெட் கிடைக்கவில்லை, ஆனால் அடித்தாடுவோரைக் கட்டிப்போட்டார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முதல் மேடையிலிருந்து அந்த மேடைக்குச் செல்ல அவருக்கு மூன்றரை ஆண்டுகள் பிடித்தன. அதற்கு முன்னரே, நூற்றாண்டு கண்ட கிரிக்கெட் மரபுள்ள கல்லூரியொன்று அவருக்குப் பின்னால் நின்றது.

நம் இரணைமடுக் குளமும் 1902இல் தொடங்கி 1920இல்தான் முடிந்தது. பின்னரும் அதன் அணை கட்டங்கட்டமாகவே உயர்த்தப்பட்டது. பிள்ளைகளிடம் மட்டும் நாம் ஒரே மாரியில் நிறைவை எதிர்பார்க்கிறோம்.

ஆகவே என் முடிவு இது. மருமகன் உயர்தரப் பரீட்சையை எழுதி முடிக்கட்டும். அதுவரை பாடசாலை அணியில் தோற்பந்தில் ஆடட்டும். சுழற்பந்துக்கு முன்காலை வைத்து ஆடும் பழக்கம் இரண்டு பருவங்களில் வந்துவிட்டால், யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒரு கழகத்தில் சேர்வதற்கு நானே பயணச்செலவு தருவேன். வராவிடின், ஆட்டம் அவனுக்கு ஆரோக்கியமும் நட்பும் தந்ததென்று மகிழ்ந்து வேறு தொழில் பார்க்கலாம். அதில் இழிவு எதுவுமில்லை.

பெரியவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளையின் குறையென்று நாம் சொல்வதிற் பாதி அவன் ஆடும் தரையின் குறையாகும். ஊருக்கு ஒரு களத்தையேனும் சமப்படுத்தி, உருளையிட்டு, பாய் விரித்துக் கொடுப்போமாயின், எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் செல்வான் என்பதை அதன்பின் நியாயமாகக் கணிக்கலாம்.