ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம்

எனக்குக் குதிகாலுக்கு மேலே, பின்பக்கத்து நரம்பில் ஒரு வலி. காலையில் எழுந்து முதல் பத்து அடி வைப்பதற்குள் பிராணன் போய்விடும். சென்ற வருஷம் ஒரு வைத்தியசாலைக்குப் பத்து நாள் போய்வந்தேன். ஏதோ பசையைத் தடவி, அதன்மேல் ஒரு கருவியை வைத்து வட்ட வட்டமாகத் தேய்த்தார்கள். நேரம் முடிந்ததும் அதுவே மணி அடித்துச் சொல்லிற்று. மிகவும் சுகமாக இருந்தது. வலி மட்டும் போகவில்லை.

ஒரகடம் கூட்டுரோட்டில் பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் நான் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். கால் நொண்டுகிறவர்கள் வரவேண்டிய இடம் மாடியில் இருந்தது. மாடிக்குத்தான் வாடகை கட்டுப்படியாகிறதாம்.

ஷிப்டு மாறும் நேரத்தில் அந்த மாடியில் நின்று பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்தும் வாலாஜாபாத் பக்கமிருந்தும் கம்பெனி பஸ்கள் ஊர்ந்து வரும். இறங்குகிறவர்கள் எல்லாம் இளவட்டங்கள். விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் வீட்டை விட்டுவிட்டு, இங்கே ஓர் அறையில் ஆறு பேராக இருக்கிறவர்கள். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கபடி, கிரிக்கெட், வாலிபால். திங்கட்கிழமை முட்டி வீங்கிவிடும். எலும்பு என்றால் புத்தூர்க் கட்டு என்று ஒரு வழி தெரியும். "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்றால் யார் கதவைத் தட்டுவதென்று தெரியாது.

"கருவி எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"மூலையில இருக்கு, சார். துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்."

மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நிற்கச் சொன்னாள். இரண்டு காலாலும் எழும்பி, நோகிற காலால் மட்டும் மெல்லக் கீழே இறங்க வேண்டும். முழங்காலை நீட்டிப் பதினைந்து, மடக்கிப் பதினைந்து, இப்படி மூன்று தடவை, காலையும் மாலையும். கணக்குப் போட்டால் நாளுக்கு 180. பன்னிரண்டு வாரம்! காசும் நான் கொடுத்து, வேலையும் நானே செய்ய வேண்டுமா என்றேன். "ஆமாம், சார்" என்றாள், சிரிக்காமல்.

இதற்கு ஒரு கதையும் சொன்னாள். ஸ்வீடனில் ஆல்ஃபிரட்சன் என்று ஓர் எலும்பு மருத்துவர். அவருக்கும் இதே வலி. ஆபரேஷன் செய்யுங்கள் என்று தம் மேலதிகாரியைக் கேட்டாராம்; அவர் மறுத்துவிட்டாராம். நரம்பு முழுக்க அறுந்துபோனால் செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கி ஏற்றினாராம் மனுஷர். அறுந்துபோகவில்லை, வலிதான் போயிற்று. பிறகு ஓட்டக்காரர்கள் பதினைந்து பேருக்கு இதையே கொடுத்து, 1998இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். பதினைந்து பேரும் மறுபடி ஓடினார்கள். ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

"காலேஜிலே சொன்னாங்களா?"

"இல்லை சார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலே."

போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவில் விளையாட்டு விஞ்ஞானத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அங்கும் நகரத்தில் வேறு இடங்களிலும் இந்த மாதிரிப் பயிற்சிகள் நடந்தால் போய்விடுகிறாள். கட்டணம் சொந்தப் பணம். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு நோயாளிகள் அதிகம் வரும் நாள். அந்த வரும்படியும் போச்சு. இங்கிலாந்தில் பிசியோதெரபிஸ்டுகள் இரண்டு வருஷத்துக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்கும்போது, விடாமல் படித்ததற்கு அத்தாட்சி கேட்கப்படலாம். நம் நாட்டில் 2021இல்தான் இவர்களையும் சேர்த்து ஒரு தேசியச் சட்டமே வந்தது. இவளை யாரும் போகச் சொல்லவில்லை.

போகாமல் இருப்பதுதான் சுலபம் என்று எனக்குத் தோன்றிற்று. அதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. கால் பிசகினால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயரத் தூக்கி வைத்தல் என்று நான்கு விதிகளை அமெரிக்காவில் மிர்கின் என்ற மருத்துவர் 1978இல் எழுதினார். உலகமே மனப்பாடம் செய்தது. பல வருஷங்கள் கழித்து, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே எழுதினார். புத்தகத்தில் திருத்துவது எளிது. ஐஸ் வைத்து அனுப்பிய ஆட்களை எங்கே தேடுவது?

மார்கழியில் ஒரு நாள் நான் படியில் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். ஆடியில் முழங்கால் ஜவ்வுக்கு ஆபரேஷன் ஆனவன். காணும் பொங்கலுக்கு ஊரில் கபடி, ஆட்டுக்கிடா பரிசு. ஆடலாம் என்று ஒரு வார்த்தை கேட்க வந்திருந்தான். அவள் தரையில் கோடு கிழித்து, ஒற்றைக் காலால் தாவச் சொல்லி அளந்தாள். நல்ல கால் போன தூரத்தில் முக்கால் பங்குதான் மற்றது போயிற்று. நூற்றுக்குத் தொண்ணூறாவது வேண்டுமாம்.

"ஒன்பது மாசம் ஆகட்டும், தம்பி. ஒவ்வொரு மாசம் பொறுக்கிறதுக்கும் மறுபடி அடிபடுற ஆபத்து ஏறக்குறையப் பாதியாக் குறையுதுன்னு 2016இல கண்டுபிடிச்சிருக்காங்க."

பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க ஊர் அண்ணனுக்கு ஆறு மாசத்திலேயே ஆடலாம்னு நீங்கதானே சொன்னீங்க, மேடம்?"

"சொன்னேன்."

"அவருக்கு மறுபடி கிழிஞ்சிடுச்சே."

அது அவளுக்குத் தெரியாது. கையிலிருந்த நாடாவை மெல்லச் சுருட்டினாள். சாக்கு எத்தனையோ சொல்லியிருக்கலாம். அப்போது அப்படித்தான் பலரும் சொன்னார்கள் என்பது உண்மையுங்கூட. அதை அவள் சொல்லவில்லை.

"நீ சித்திரையிலே வந்து தாவிக் காட்டு," என்றாள். "அந்த அண்ணன் நம்பர் இருக்கா? இப்பவே போடு. நான் பேசுறேன். காசு வேண்டாம்னு சொல்லு."

பையன் போனை எடுத்துத் தேடத் தொடங்கினான். எனக்கு இன்னும் முப்பது பாக்கி. படிக்குத் திரும்பினேன்.