போலித் தோட்டா



2019 டிசம்பர் 29 அன்று, நாம் வாழும் இதே டெக்சாஸ் மாநிலத்தின் ஒயிட் செட்டில்மென்ட் நகரில், திருவிருந்து வேளையில் ஆலயத்திற்குள் ஒருவன் துப்பாக்கியால் சுட்டதை நாம் மறக்கவில்லை. சபையார் இருவர் மாண்டனர். பாதுகாப்புக் குழுவிலிருந்த தன்னார்வலர் ஒருவர் சில நொடிகளில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். நம் சபையிலும் அத்தகைய குழு வேண்டுமென்று மூப்பர்கள் கேட்டபோது நெடுநாள் தயங்கினேன். பிறரை அனுப்பிவிட்டு நான் ஒதுங்கி நிற்பது முறையன்று எனத் தோன்றவே, மூப்பர் ஒருவருடன் சுடுதளத்திற்குச் சென்றேன். (விசுவாசி துப்பாக்கி ஏந்தலாமா என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுமையான பதில் இல்லை. அதை வேறொரு வாரம் எழுதுவேன்.)

ஏழு கஜ தூரத்தில் காகித இலக்கு. கையில் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. நான் சுட்டவையெல்லாம் மையத்திற்குக் கீழே, இடப்புறமாகவே பாய்ந்தன. துப்பாக்கியின் குறியில்தான் கோளாறு என்றேன். மூப்பர் மறுமொழி கூறாமல் அதே துப்பாக்கியை வாங்கி மூன்று முறை சுட்டார். மூன்றும் மையத்தில் இருந்தன.

பின்பு என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, மெய்யான தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டாக்களையும் கலந்து மேகசினை நிரப்பினார். இரண்டு முறை வெடித்தது. மூன்றாம் முறை விசையை இழுத்தபோது 'க்ளிக்' என்ற ஒலி மட்டுமே எழுந்தது. ஆயினும் துப்பாக்கியின் முனை வெடுக்கென்று தரையை நோக்கிக் குனிந்தது.

"ஒன்றும் வெடிக்கவில்லையே பாஸ்டர், கையை ஏன் தாழ்த்தினீர்கள்?"

வரப்போகும் உதைப்பை அடக்குவதற்காக என் கைகள் முன்கூட்டியே கீழ்நோக்கி அழுத்தியிருந்தன. உதைப்பை நான் உணரும் முன்பே குண்டு குழலை விட்டுப் போய்விடுகிறது. அதுவரை நான் தாழ்த்திய தாழ்வுதான் இலக்கைக் கெடுத்திருக்கிறது.

அந்தக் க்ளிக் ஒலியோடு ஒரு வீடு நினைவுக்கு வந்தது. (அவர்களுடைய அனுமதியோடே எழுதுகிறேன்.) பிறக்குமுன்னே குழந்தையை இழந்த தம்பதியரை முந்தின மாதம் சந்தித்திருந்தேன். அந்தச் சகோதரி, "ஏன் பாஸ்டர்..." என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் நான் ஒரு வசனத்தைச் சொல்லி, கண்களை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன். பத்து நிமிடத்திற்குள் வாசலுக்கு வந்துவிட்டேன். அவர் என்ன கேட்க இருந்தார் என்பதே எனக்குத் தெரியாது.

மிரட்சியை மனவுறுதியால் அடக்க முயன்றால் கை இன்னும் இறுகும் என்றார் மூப்பர். காதில் அடைப்பான், அதன்மேல் காதுமூடி. உதைப்புக் குறைந்த 22 காலிபர் துப்பாக்கி. "முன்குறியை மட்டும் பாருங்கள். விசையை மெல்ல அழுத்திக்கொண்டே இருங்கள். எந்த நொடியில் வெடிக்கும் என்பது உங்களுக்கே தெரியாதிருக்கட்டும்." வீட்டிலும் தோட்டாக்களை வேறு அறையில் வைத்து, துப்பாக்கி வெறுமையாய் இருப்பதை இருமுறை சோதித்து, நாள்தோறும் பத்து நிமிடம் விசையை மட்டும் அழுத்திப் பழகினேன்.

கடந்த சனிக்கிழமை, ஐந்து போலித் தோட்டாக்களில் நான்கிற்கு முனை அசையவில்லை. ஐந்தாவதற்குக் குனிந்தது.

அன்று மாலை அந்த வீட்டிற்குச் சென்றேன். தேநீர் கொடுத்தார்கள். "அன்று உங்களைக் கேட்கவிடாமல் ஜெபித்துவிட்டேன், அம்மா" என்றேன். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் வீடு திரும்பியபோது இரவு மணி பத்தரை.