நோட்டில் நிறைவேறிய நோக்கம்

என் பாடக்குறிப்பேட்டில் நான் எழுதிய கற்றல் நோக்கங்கள் வெறும் ஒப்புக்கு எழுதியவை. தெரிந்தே எழுதினேன். எதையும் மறைக்காமல் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். பின்னங்களின் கூட்டலுக்கு, "மாணவர்கள் பின்னங்களைப் பற்றிப் புரிந்துகொள்வர்" என்று எழுதினேன். போன வருட நோட்டிலிருந்து அப்படியே எடுத்த வரி. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார். பார்வையிட வந்த அதிகாரி, என் நோட்டை மற்றவர்களுக்கும் காட்டச் சொன்னார். உடன் வேலை பார்த்தவர்கள் அதைப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். நான் தடுக்கவில்லை. பெருமையாக இருந்தது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பி.எட்.டில் படித்ததுதான். பெஞ்சமின் புளூமும் அவருடன் இருந்தவர்களும் 1956இல் அறிவுசார் நோக்கங்களை ஆறு படிகளாக வகுத்தார்கள். 1962இல் ராபர்ட் மேகர் இன்னும் கறாராகக் கேட்டார்: பிள்ளை எதைச் செய்து காட்டும்? எந்தச் சூழலில்? எந்த அளவுக்குச் சரியாக? 'அறிவர்', 'புரிந்துகொள்வர்' என்றால் ஆளுக்கொரு பொருள் கொள்ள இடம் உண்டு என்று எச்சரித்தார். இதையெல்லாம் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனாலும் 'புரிந்துகொள்வர்' என்றே எழுதினேன். அப்படி எழுதினால் என்னை யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்த வசதி எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தாள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருந்தாள். சிவப்பு மையில் அடித்தேன். "கீழ இருக்கிறத ஏன் மிஸ் கூட்டக் கூடாது?" என்று கேட்டாள். 2/5 பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் குறையுமா என்று அவளிடமே கேட்டிருக்கலாம். தாளை மடித்துக் காட்டியிருக்கலாம். தேர்வுக்குள் போர்ஷனை முடிக்கிற அவசரம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அவள் அடுத்துக் கேட்கப்போவதற்கு எனக்கே பதில் தெரியாமல் போகலாம். "அது ரூல். மீ.சி.ம எடுத்துப் போடு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் சந்தேகமே கேட்கவில்லை.

வினாத்தாளும் நான் தயாரித்ததுதான். பயிற்சிக் கணக்குகளில் எண்ணை மட்டும் மாற்றினேன். ஏறக்குறைய எல்லோரும் தேறினார்கள். அவளும் தேறினாள். "நோக்கம் நிறைவேறியது" என்று நோட்டில் எழுதி முடித்தேன்.

அடுத்த வருடம் அதே பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர், 1/2, 3/8 இரண்டில் எது பெரியது என்று கேட்டிருக்கிறார். பலரும் 3/8 என்றார்களாம். எட்டு பெரிய எண் என்பது அவர்கள் சொன்ன காரணம். விகிதமும் சதவீதமும் பின்னத்தின் மேல்தான் நிற்கின்றன. அவர் மாலையில் தனி வகுப்பு வைத்து, பின்னத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. விளையாட வேண்டிய நேரத்தைப் பிள்ளைகள் இழந்தார்கள். "அடிப்படையே இல்லாத பசங்க. தொடக்கப் பள்ளியில ஒண்ணும் சொல்லித் தரல" என்று ஆசிரியர் அறையில் அவர் அலுத்துக்கொண்டார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "ஆமா சார்" என்றேன்.

செய்ததிலேயே கேவலமானது அந்த 'ஆமா'தான். பார்த்திராத ஆசிரியர்கள்மேலும், பதில் சொல்ல முடியாத பிள்ளைகள்மேலும் என் பழியைப் போட்டேன்.

திட்டமிடும் வரிசையை கிராண்ட் விக்கின்ஸும் ஜே மக்டையும் 1998இல் ஒரு நூலில் தெளிவாக வைத்தார்கள். பிள்ளை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது முதலில். சேர்ந்ததற்கு என்ன சான்று என்பது அடுத்து. எப்படி நடத்துவது என்பது கடைசியில். நான் எழுதியிருக்க வேண்டிய நோக்கம் இது: "ஒரே அளவுள்ள இரு தாள்களை மடித்து, 1/2, 3/8 இவற்றுள் பெரியதைக் காட்டி, காரணத்தைத் தம் சொற்களில் கூறுவர்." ஒன்றைப் பாதியாகவும் மற்றொன்றை எட்டாகவும் மடித்திருந்தால் போதும். யாருக்குப் புரியவில்லை என்பது அந்த வகுப்பிலேயே தெரிந்திருக்கும். என் கற்பித்தல் பலிக்கவில்லை என்பதும் சேர்ந்தே தெரிந்திருக்கும். அது வெளியே தெரியக் கூடாது என்பதுதான் என் உண்மையான நோக்கம்.

அன்று ஆசிரியர் அறையில் நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் குறை இல்லை. அவர்களுக்குப் பின்னம் எடுத்தவள் நான்தான். நான் சரியாக எடுக்கவில்லை.